மூன்று பிள்ளைகளுக்கு ஒரு வண்டி

“…மூணையும் இதுல ஒக்கார வெச்சி, தெருக்கோடி கொழா வரைக்கும் நீ ஒருத்தியா தள்ளிகினு போயி, திரும்பி வந்துடு. நான் வெறுங்கையோட வந்தவாசி பஸ் ஏறிடறேன். அதுக்கப்பறம் நான் வாயத் தொறந்தா ஏன்னு கேளு.”

இப்படிச் சொன்னவர் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டுத் தறிக்கூடத்தில், தறிக்குப் பக்கத்தில் புதிதாய் நின்ற மரவண்டியின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். இன்னொரு கையில் பை. பைக்குள் ஒரு புதுக் கம்பளித் துண்டு. என் மூன்றாவது குழந்தையை அதில் சுற்றித் தன்னோடு எடுத்துப் போவதற்காக வாங்கி வந்தது.

அந்த வண்டி அங்கே வந்து நின்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதே எனக்கு முன்னும் பின்னும் குழம்பும். அப்போதும் குழம்பித்தான் இருந்தேன்.

எழுபதுகள் முடிந்து எண்பது பிறந்திருந்த சமயம். இரட்டைப் பிள்ளை என்று சொல்லித்தான் என்னை வேலூருக்கு அழைத்துப் போனார்கள். பெரியவன் பிறந்தான், அடுத்தவன் பிறந்தான். சரி, முடிந்தது என்று நான் கண்ணை மூடினால், நர்ஸம்மா என் தோளைப் பிடித்து, “எங்கம்மா தூங்கறே, இன்னும் ஒண்ணு வருது” என்றார். யாருக்கு என்று கேட்டேனாம் நான். அந்த வார்டு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்படி வந்து சேர்ந்தவள் சின்னவள். ஆரணிக்குத் தூக்கி வந்த அன்றைக்கு எங்கள் தெருவில் ஒருத்தி எட்டிப் பார்த்து, “தார்க்குச்சி கணக்கா கீதே” என்றாள். ஊடை நூலைச் சுற்றி, தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சிதான் தார்க்குச்சி. கேட்கச் சுருக்கென்று இருந்தது. ஆனால் பிள்ளையை அதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

மூன்று பேரையும் வாராவாரம் புதன்கிழமை ஆரணிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போய் எடை போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். போட வேண்டியதுதான். எப்படிக் கொண்டு போவது? எனக்கு இரண்டு கை. என் வீட்டுக்காரர் கூட வந்தால் அன்றைக்குத் தறி நிற்கும். அவர் நெய்ய உட்கார்ந்தால் தார் சுற்றிக் கொடுக்க நான் வேண்டும். முதலில் தெருவில் எல்லாரும் ஆசையாய்த் தூக்கி வந்தார்கள். “எங்கிட்ட குடு, எங்கிட்ட குடு” என்று சண்டையே நடந்தது. மாதங்கள் போகப் போக, புதன்கிழமை வந்தால் ஒருத்திக்குத் தலைவலி, இன்னொருத்திக்கு விருந்தாளி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவரவர் வீட்டிலும் தறி இருக்கிறது.

ஒரு புதன்கிழமை ஒருவரும் கிடைக்கவில்லை. பையன்கள் இருவரையும் இரண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு, சின்னவளைப் பக்கத்து வீட்டில் படுக்கவைத்துவிட்டுப் போனேன். ஆஸ்பத்திரி நர்ஸம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “எத எட பாக்கணுமோ அத ஊட்ல வுட்டுட்டு, நல்லாக் கீற ரெண்ட தூக்கிகினு வந்துகிறியே, உனுக்கு இன்னா சொல்றது?” என்றார். அங்கே இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வாரமே அண்ணி வந்தார். வந்தவாசியிலிருந்து மாதம் ஒருமுறை வருவார். வாசலில் நின்று இரட்டைக் கதவை ஒரு தரம் கையால் தடவிவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். அவர் பிறந்த வீடு, அவருடைய அப்பா போட்ட கதவு. அவருக்குப் பிள்ளை இல்லை. அதை யாரும் எடுத்துப் பேச மாட்டார்கள், அவரும் பேச மாட்டார். அன்றைக்கு நர்ஸம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, சின்னவளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

“ரெண்டு கைக்கு ரெண்டு. மூணாவதுக்கு என் கை சும்மாத்தான் கீது. ஓடியாடற வயசு வந்ததும் நானே கொண்டாந்து வுட்டுடறேன். ஊட்ல தூளி கட்ட கொக்கி கூட மாட்டியாச்சி” என்றார்.

கொக்கியே மாட்டியாகிவிட்டதாம். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவரிடம் வளர்ந்தால் பிள்ளை என்னிடம் இருப்பதைவிடக் கொழுக்மொழுக்கென்று இருக்கும். தெருவே அதைத்தான் சொன்னது. வீட்டுக்காரரைப் பார்த்தேன். “பாக்கலாம்க்கா” என்றார். அவர் எதற்கும் பாக்கலாம் என்கிறவர். எங்கள் கல்யாணத்துக்கும் முதலில் அப்படித்தான் சொன்னாராம்.

“எத்தப் பாக்கப் போற? அடுத்த மாசம் நான் வர்றதுக்குள்ள மூணையும் இவ ஒருத்தியா தூக்கறதுக்கு ஒரு வழி பண்ணு. பண்ணிட்டா நான் இன்னா, புடுங்கிகினா போவப் போறேன்?” என்று சொல்லிவிட்டு அண்ணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அன்றைக்குத்தான் வண்டி என்கிற எண்ணம் வந்தது.

சர்ச்சுக்குப் பின்னால் குடியிருந்த டீச்சரம்மா வீட்டில், குழந்தையைப் படுக்கவைத்துத் தள்ளுகிற ஒரு ப்ராம் வண்டி இருந்தது. எப்போதோ இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனதாம். கறுப்புக் குடை மூடி, பெரிய சக்கரம், உள்ளே தொட்டில் மாதிரி பள்ளம். “எடுத்துட்டுப் போங்கம்மா, இங்க அதுல வெங்காயம்தான் கொட்டி வெச்சிருக்கேன்” என்றார் டீச்சரம்மா. பையன்கள் இருவரையும் தலைமாடு கால்மாடாகப் படுக்கவைத்துப் பார்த்தோம். புதுச் செருப்பைப் பெட்டியில் வைத்த மாதிரி அழகாய்ப் பொருந்தினார்கள். மூன்றாவதுக்கு இடமில்லை.

“முறை போட்டுக்கலாமே, ஒரு வாரம் ரெண்டு பேரு, அடுத்த வாரம் வேற ரெண்டு பேரு” என்றார் டீச்சரம்மா.

யாரை விட்டுவிட்டுப் போவது என்கிற இடத்துக்கே திரும்பவும் வந்துவிட்டோம். அவருக்கு என் முகத்தைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. உள்ளே போய் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார். அதில் ஒரு படம். வெளிநாட்டுத் தெருவில் ஒரு பெண் ஒரே வண்டியில் மூன்று குழந்தைகளை உட்காரவைத்துத் தள்ளுகிறாள், சிரித்துக்கொண்டு! நான் சிரிப்பதை நிறுத்தி எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் யோசித்தேன்.

எங்களிடம் புடவை வாங்கி மதராஸுக்கு எடுத்துப் போகும் வியாபாரியிடம் சொல்லியனுப்பினோம். அவர் அங்கே பெரிய கடையில் விசாரித்து வந்தார். “ஒத்தப் புள்ளைக்குக் கீது, எரட்டைக்குக் கூட வரவழச்சித் தரானாம். மூணுன்னு சொன்னேன், கடைக்காரன் மேலயும் கீழயும் பாத்து, உங்களுதா சார்னு கேக்கறான். எனக்கு மானம் போச்சி” என்றார். போனதுதான் போனார், ஒரு கேள்வியையும் கொண்டுவந்தார். “செய்யறதா இருந்தா பக்கம் பக்கமா வெக்கணுமா, ஒண்ணு பின்னால ஒண்ணா வெக்கணுமான்னு முதல்ல முடிவு பண்ணிக்கோங்கன்னான்.”

அந்தக் கேள்வி எங்கள் தெருவைப் பிடித்துக்கொண்டது. அதற்கு முன்னால் எனக்கு ஒரு குழப்பம்தான் இருந்தது. அப்புறம் வீட்டுக்கு ஒரு குழப்பம்.

காலையில் எங்கள் தெருவில் நடந்தவர்களுக்குத் தெரியும், பாவு நீட்டியிருப்பார்கள். புடவைக்கு நீளவாட்டு இழையெல்லாம் தெரு நெடுக இழுத்துக் கட்டி, நின்றுகொண்டே அறுந்ததை முடிச்சுப் போடுவார்கள். ஓரத்தில் ஒரு ஆள் போக வழி விடுவார்கள், அவ்வளவுதான். அதனால் எதிர்வீட்டுக்காரர், “ஒண்ணு பின்னால ஒண்ணாத்தான் வெக்கணும், ரயில் மாதிரி” என்றார். உடனே அவர் சம்சாரம், “ரயில்னா எஞ்சின் யாரு? பெரியவனா? பின்னால கீறது அழுதா முன்னால தள்றவளுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். தள்ளுகிறவள்தான் பின்னால் இருப்பாள் என்று நான் சொல்லப் போனேன். அதற்குள் முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று பேச்சு போய்விட்டது. ரோட்டைப் பார்த்து வைத்தால் லாரிக்குப் பயப்படும் என்று ஒரு கட்சி. அம்மாவைப் பார்த்து வைத்தால் வழியெல்லாம் பால் கேட்டு அழும் என்று இன்னொரு கட்சி. “பேஜாரே வேணாம், ஒரு ஐஸ் வண்டி வாங்கிடு, உள்ள போட்டு மூடிட்டா எந்தப் பக்கமும் பாக்காது” என்று ஒருவர் சொன்னார். அதற்கும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். “நீதானே தள்ளப் போறே, நீ சொல்லு.” காலையில் ரயில் மாதிரி என்பேன். மத்தியானம் பக்கம் பக்கம் என்பேன். சாயங்காலம் டீச்சரம்மா வீட்டுப் ப்ராமே போதுமோ என்று தோன்றும். விளக்கு வைத்த பிறகு அண்ணி வீட்டுக் கொக்கி ஞாபகம் வந்து எல்லாவற்றையும் அழித்துவிடும். ஒருவேளை வண்டி வேண்டாமோ, பிள்ளை அங்கே நன்றாயிருக்குமோ என்றும் நினைத்ததுண்டு. எது என் நினைப்பு, எது தெருக்காரர்கள் என் தலைக்குள் போட்டுவிட்டுப் போனது என்று பிரித்தெடுக்க முடியவில்லை.

முடிவு சொன்னது சின்னவள்தான். மூன்று பேரும் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். ஒருநாள் சுவரோரம் தலையணை வைத்து வரிசையாய் உட்காரவைத்தேன். இவளை ஓரத்தில் வைத்தால் அழுகை, பின்னால் தனியாக வைத்தால் அழுகை. இரண்டு அண்ணன்களுக்கும் நடுவில் செருகினேன். இரண்டு பக்கமும் தோள் இடித்ததும் கப்சிப். எடுத்துப் பார்த்தேன், கத்தினாள். மறுபடி வைத்தேன், பெரியவன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தறியிலிருந்தபடியே இதையெல்லாம் பார்த்த வீட்டுக்காரர் மிதித்துக்கொண்டிருந்த காலை நிறுத்தினார். “பக்கம் பக்கம்தான். நடுவுல அவ” என்றார். பாக்கலாம் என்று சொல்லாமல் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்த அகலத்துக்கு ஒரு பட்டு நூலை அளந்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். தெருவில் பாவு நீட்டினால் மிச்சமிருக்கும் இடத்தை அளந்தார். கொஞ்சம் இடிக்கும் என்று தெரிந்தது. வீடு வீடாய்ப் போய்ச் சொன்னார். “புதன்கிழமைக்கு நாங்க பாவ ஓரமா தள்ளிப் போட்டுக்கறோம், நீ ஜல்தி வண்டியச் செய்யி” என்று தெருவே ஒப்புக்கொண்டது. கால்வாய் மேல் போட்டிருந்த கல்லை அளந்தார். ஆஸ்பத்திரி கேட்டை அளக்கப் போனபோது காவல்காரர் விரட்டினாராம். வாசலில் டீ வாங்கிக் கொடுத்து அளந்துவிட்டு வந்தார்.

வண்டி செய்ய எங்கள் தறி செய்கிற ஆசாரியையே கூப்பிட்டோம். வேறு ஆசாரியை எங்களுக்குத் தெரியாது. அவர் தறிக்கூடத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்து, வழக்கமாய்க் கேட்பதைக் கேட்டார். “எங்க நிக்கப் போவுது?”

“இங்க, தறிக்குப் பக்கத்துல” என்று இவர் கையைக் காட்டினார்.

தறி என்பது வீட்டுக்குள்ளே பிறக்கிறது. மரமாய் உள்ளே வரும், எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அங்கேயே இழைத்து, துளை போட்டு, பூட்டி நிறுத்துவார்கள். அப்புறம் நகராது. ஆசாரி மரத்தை உள்ளே கொண்டுவந்து இழைத்தார். தறிக்குப் போடுகிற மாதிரியே கட்டை கட்டையாய் உறுதி. குழந்தைகள் சரியாமல் இருக்க மூன்று பள்ளம், முன்னால் ஒரு குறுக்குச் சட்டம். சைக்கிள் கடையில் பழைய மூன்று சக்கர சைக்கிள்களிலிருந்து கழற்றிய சின்னச் சக்கரங்கள் நான்கு. தள்ளுவதற்கு வழவழப்பாய் ஒரு கைப்பிடி. வேலை நடந்த நாளெல்லாம் தெருக்காரர்கள் வந்து பார்த்து, தட்டிப் பார்த்து, குனிந்து அடியில் பார்த்துவிட்டுப் போனார்கள். “இது உன் பேரப் புள்ளைங்களத் தூக்கும்” என்றார் ஆசாரி. கூடத்துக்குள்ளேயே மூன்று பேரையும் வைத்து இப்படியும் அப்படியும் ஓட்டிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. அந்தப் பத்திரிகைப் படத்துக்காரி மாதிரி நானும் சிரித்தேன்.

இந்த நேரத்தில்தான் அண்ணி பையோடு வந்து, வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னார். தெருக்கோடி குழாய் வரைக்கும் ஒருத்தியாய்த் தள்ளிப் போய் வர வேண்டும். அவ்வளவுதான்.

மத்தியானம் ஆகிவிட்டதால் தெருவில் பாவு இல்லை. விஷயம் தெரிந்து எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். ஆசாரி கூட வந்திருந்தார், தோளில் புதுத் துண்டு. பையன்களை இரண்டு பக்கமும் வைத்தேன், சின்னவளை நடுவில் செருகினேன். அவள் பெரியவன் காதைப் பிடித்துக்கொண்டாள். கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினேன். கூடத்தைத் தாண்டி வண்டி வாசலுக்கு வந்தது.

டக்.

பின்னால் இழுத்து, நேராக்கி, மறுபடி தள்ளினேன். மறுபடி டக். திறந்திருந்தும் நிலைக்குள் துருத்திக்கொண்டிருந்த இரட்டைக் கதவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வண்டி முட்டிக்கொண்டு நின்றது.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. எனக்கும்தான். சக்கரத்தில் கல் ஏதோ சிக்கிக்கொண்டது என்று குனிந்து பார்த்தேன். வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து அந்த நூலை எடுத்தார். தெருவையும் கால்வாயையும் ஆஸ்பத்திரி கேட்டையும் அளந்த நூலை எங்கள் வாசலில் பிடித்தார். நூல் கொஞ்சம் மிஞ்சியது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“இன்னா ஆசாரி இது?” என்றார் கடைசியில்.

“என்ன எதுக்குக் கேக்கற? எங்க நிக்கும்னு கேட்டேன், நீ தறிப்பக்கம் காட்டின. போவும்னு எவன் சொன்னான்?”

“வண்டின்னா போவாதா?”

“நான் செஞ்சது எதுவுமே இதுவரைக்கும் போனதில்லியே!”

சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். யோசனை சொல்கிறவர்கள் வாசலுக்கு அந்தப் பக்கமிருந்து யோசனை சொன்னார்கள். “கொழந்தைங்கள எறக்கிட்டு, வண்டிய ஒருக்களிச்சி வெளிய எடுத்து, திரும்பி ஏத்து.” நான் வண்டியை ஒருக்களித்தால் மூன்று பேரையும் யார் பிடிப்பது? “நாலு பேரு சேந்து அப்படியே தூக்கினா வந்துடும்.” உடனே எதிர்வீட்டுச் சம்சாரம், “நாலு பேரு இருந்தா வண்டி எதுக்குடா?” என்றாள். “தெருவுலயே நிறுத்தி வெச்சிடு.” அப்புறம் காலையில் பாவு எங்கே நீட்டுவது? ஒவ்வொன்றும் சரி மாதிரி இருந்தது, ஒவ்வொன்றும் அரை நிமிஷத்தில் தப்பாகிப் போனது. கைப்பிடியை விடாமல் நின்றேன். விட்டால் பந்தயம் முடிந்துவிடும் என்று ஒரு பயம். பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். சின்னவள் மட்டும் திரும்பி, நான் ஏன் நிறுத்திவிட்டேன் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

அண்ணியைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் பந்தயம் கட்டினார், நாங்கள் தோற்றுவிட்டோம். பையைத் திறந்து கம்பளித் துண்டை எடுக்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றார். வண்டியைப் பார்க்கவில்லை, குழந்தைகளைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார், மேலிருந்து கீழ் வரைக்கும். வழக்கம் போல் ஒரு தரம் தடவினார்.

“நகுருங்க எல்லாம்” என்றார் வாசலில் நின்றவர்களிடம். பிறகு தம்பியைப் பார்த்து, “டேய், என் கல்யாணத்துக்கு அப்பா குடுத்த பீரோ இந்த வாசல்லதானடா வெளிய போச்சி. எப்படிப் போச்சின்னு நெனச்சிகினு கீற?” என்றார்.

தம்பி நூலைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அண்ணி கையிலிருந்த பையை வண்டிக்குள், சின்னவளின் காலடியில் வைத்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். வலது பக்கக் கதவின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து, மூச்சுப் பிடித்து, கதவு சுழலும் அடிக்குடுமி தன் குழியை விட்டு எழும்புகிற வரைக்கும் தூக்கி, அப்படியே தன் பக்கம் சாய்த்துக் கழற்றினார். அதைத் தறியோரம் கொண்டுபோய்ச் சாத்திவிட்டு வந்து, இடது பக்கக் கதவின் அடியில் கையைக் கொடுத்தார்.